அச்சே தெருப் பள்ளிவாசலும் ஹஜ் கப்பலும்

பள்ளிவாசல் என்றால் தொழுகை நடக்கும் இடம் என்று மட்டுமே நினைத்திருந்தேன். அதைச் சுற்றி ஒரு பொருளாதாரமே இயங்கும் என்பதை, வணிகவியல் படிக்கும் எனக்குக் காட்டியது மலேசியாவின் பினாங்கில் உள்ள அச்சே தெரு மலாய்ப் பள்ளிவாசல்தான்.

1808-ல் இதைக் கட்டியவர் துங்கு சையத் உசேன். சுமத்ராவின் அச்சே அரச குடும்பத்தோடு தொடர்புடைய, அரபு வம்சாவளிப் பெருவணிகர். இதன் எண்கோண மினாராவில் ஒரு வட்டத் துளை இருக்கிறது. 1867-ல் நடந்த பினாங்குக் கலவரத்தின்போது பீரங்கிக் குண்டு துளைத்த இடம் அது என்பது ஊர்க்கதை!

விமானம் வராத காலத்தில் வட மலாய் மாநிலங்களிலிருந்தும் சுமத்ராவிலிருந்தும் ஹஜ் செல்வோர் இங்குதான் கூடினார்கள். கப்பல் வரும்வரை தங்க விடுதிகள், பயணச்சீட்டு எடுத்துத் தர முகவர்கள், சாமான்கள் வாங்கக் கடைகள், மலாய் அச்சகங்கள், நூல் கடைகள் என்று தெருவே களைகட்டியது. வழியனுப்ப வந்த உறவினர் கூட்டம் வேறு. அதனால் 'இரண்டாவது ஜித்தா' என்றே இந்த இடத்துக்குப் பெயர்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஹஜ் கடமைக்காகக் கிராமத்து மலாய்க்காரர்கள் பணத்தை வீட்டிலேயே பதுக்கி வைத்தார்கள். போதாதபோது நிலத்தையும் மாட்டையும் விற்றார்கள். ஊர் திரும்பியதும் பிழைக்க வழியில்லை. பொருளாதார அறிஞர் உங்கு அஜீஸ் 1959-ல் இதற்கு ஒரு சேமிப்புத் திட்டத்தை முன்வைத்தார். வட்டி கலக்காத அந்தச் சேமிப்பு நிறுவனம் 1963-ல் இயங்கத் தொடங்கியது. இன்றைய 'தாபுங் ஹாஜி' அதன் தொடர்ச்சிதான்.

1970-களில் கப்பலின் இடத்தை விமானம் பிடித்தது. அச்சே தெருவின் வணிகம் படுத்தது. 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வாடகைக் கட்டுப்பாடும் நீங்க, ஜார்ஜ் டவுனின் பழைய வீடுகளில் குடியிருந்த பலர் உயர்ந்த வாடகை கொடுக்க முடியாமல் வெளியேறினார்கள். 2008-ல் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, அவர்களில் பலர் அங்கே இல்லை.

கட்டடத்தைச் சுண்ணாம்பு பூசிக் காப்பாற்றிவிடலாம். அக்கம்பக்கத்து மக்களை என்ன பூசிக் காப்பாற்றுவது? ஒரு பள்ளிவாசல் மலாய்ச் சமூகத்தின் இதயமாக இருந்தது அங்கே வந்து போன, வாழ்ந்த மனிதர்களால்தான். பாரம்பரியம் என்று கணக்கெழுதும்போது அவர்களையும் சொத்துப் பக்கத்தில் எழுத வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்.