ஜப்தி செய்யக்கூடாத விதைநெல்



மயிலாப்பூர்ல 1872-லயே இந்து பெர்மனன்ட் ஃபண்டு ஆரம்பிச்சுட்டாங்க. உறுப்பினர்களே பணம் போட்டு, அவங்களுக்குள்ளயே கடன் குடுத்துக்கிற நிதி அது. பட்டணத்துல அவசரத்துக்கு அப்படி ஒரு வழி இருந்தது. நம்ம ஊர்ப்பக்கம் வட்டிக்காரர் வீட்டுத் திண்ணைதான். கட்ட முடியலேன்னா கோர்ட்டு, அமீனா, ஜப்தி.

ஆனா ஜப்திக்கும் ஒரு எல்லை உண்டு. 1908-ம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டம், 60-வது பிரிவு. உடுத்துற துணி, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி பெண்கள் பிரியக்கூடாத தாலி போன்ற நகை, இதையெல்லாம் எடுக்கக்கூடாது. விவசாயிக்கு ஏர்க்கலப்பை, பிழைப்புக்குத் தேவைன்னு கோர்ட்டு நினைக்கிற மாடு, விதைநெல்லும் சேர்த்தி. சாதாரணக் கடன்னா, சம்பளக்காரருக்கு முதல் 1000 ரூபாயும் மிச்சத்துல மூணுல ரெண்டு பங்கும் தப்பும். இந்தப் பாதுகாப்பு வேண்டாம்னு எழுதிக் குடுத்தாலும் அது செல்லாது.

1938-ல, ராஜாஜி மாகாண ஆட்சியில இருந்தப்ப, விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. 1932 அக்டோபருக்கு முன்னால வாங்கின கடனுக்கு, அசலைப் போல ரெண்டு மடங்கு கட்டியிருந்தா கணக்கு தீர்ந்தது.

சட்டம் அமீனா கையைத்தான் பிடிக்கும், நம்ம கையைப் பிடிக்காது. தாலியை நாமளே அடகுக்கு எடுத்துட்டுப் போனா யாரு தடுப்பா? ஒரு வருஷம் தவணை கட்ட நானே விதைநெல்லை வித்தேன். நாத்து விட மறுபடி கடன் வாங்கினேன்.

இப்பல்லாம் வீட்டு அரிசியும் விதையும் ஒதுக்கி வச்சுட்டுத்தான் தவணை பேசப் போறேன்.