பிளவுக்கு முந்தைய விவாதம்: இந்தியப் பொதுவுடைமை இயக்கத்தில் முதலாளி வர்க்கம் குறித்த மதிப்பீடு (1948–1964)

ஆய்வுச் சுருக்கம்

இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி 1964ஆம் ஆண்டு இரண்டாகப் பிரிந்தது. சோவியத் – சீனக் கருத்து மோதலின் இந்திய விளைவே இப்பிளவு எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. விடுதலைக்குப் பிந்தைய இந்திய முதலாளி வர்க்கத்தின் இயல்பு யாது என்ற பொருளாதார வினாவே கருத்து வேறுபாட்டின் மூலம் என்பதையும், அவ்வினா சோவியத் – சீன மோதலுக்கு முன்னரே எழுந்துவிட்டது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. கட்சி அமைப்பு அவ்வினாவைத் தீர்க்காமல் ஒத்திவைத்த முறையும், உலக அரசியல் அதனை விரைவுபடுத்திய விதமும் இங்கு ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தேசிய முதலாளி வர்க்கம், தேசிய ஜனநாயகம், மக்கள் ஜனநாயகம், ஜனநாயக மத்தியத்துவம், கட்சித் திட்டம்

முன்னுரை

1964 ஏப்ரல் 11 அன்று இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தேசியக் கவுன்சில் கூட்டத்திலிருந்து 32 உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்தனர். அவர்களுள் தமிழகத்தைச் சார்ந்த பி. ராமமூர்த்தி, எம். ஆர். வெங்கட்ராமன், என். சங்கரய்யா ஆகியோரும் இருந்தனர். எம். கல்யாணசுந்தரம் போன்றோர் தாய்க்கட்சியிலேயே நீடித்தனர். ஒரே சிறைகளில் இருந்தவர்கள், ஒரே தொழிற்சங்கங்களைக் கட்டியவர்கள், ஒரே ஏட்டில் எழுதியவர்கள் இருவேறு முகாம்களில் நின்றனர்.

இப்பிளவை விளக்க முற்பட்ட அக்கால நாளேடுகள் ‘மாஸ்கோ சார்பு’, ‘பீக்கிங் சார்பு’ என்னும் இரு பெயர்களைப் பயன்படுத்தின. பின்னர் வந்த வரலாற்று நூல்கள் பலவற்றிலும் இப்பெயர்கள் நிலைபெற்றன. எளிமையான இப்பகுப்பு சில அடிப்படைச் சான்றுகளோடு பொருந்தவில்லை. சீனப் பாதையே இந்தியாவிற்கு ஏற்றது என்று 1950இல் வாதிட்டுப் பொதுச்செயலாளரான சி. ராஜேஸ்வர ராவ் 1964இல் ‘மாஸ்கோ சார்பு’ எனப்பட்ட கட்சியில் நின்று அதன் பொதுச்செயலாளரானார். 1949இல் மா சே துங்கின் கருத்துகளை வெளிப்படையாக விமர்சித்து எழுதிய பி. டி. ரணதிவே ‘பீக்கிங் சார்பு’ எனப்பட்ட கட்சியின் முன்னணித் தலைவர்களுள் ஒருவரானார். இவ்விரு தலைவர்களின் நிலைப்பாடுகளே வழக்கமான விளக்கத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகின்றன.

மூன்று மதிப்பீடுகள்

1948 பிப்ரவரி இறுதியில் கல்கத்தாவில் கூடிய கட்சியின் இரண்டாவது மாநாடு, பி. சி. ஜோஷியின் தலைமையை மாற்றி ரணதிவேயைப் பொதுச்செயலாளராகத் தேர்ந்தெடுத்தது. நேரு அரசை இடதுபுறமிருந்து ஆதரித்து முன்னேற்ற வேண்டும் என்பது ஜோஷியின் கருத்து. இந்திய முதலாளி வர்க்கம் முழுவதுமே ஏகாதிபத்தியத்தின் பக்கம் சென்றுவிட்டது. ஆகவே ஜனநாயகப் புரட்சியும் சோசலிசப் புரட்சியும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பது ரணதிவேயின் கருத்து. தெலங்கானாவில் ஆயுதம் தாங்கிய உழவர் போராட்டத்தை நடத்திக்கொண்டிருந்த ஆந்திரத் தலைமை மூன்றாவது மதிப்பீட்டை முன்வைத்தது. பெருமுதலாளிகளும் நிலவுடைமையாளர்களுமே எதிரிகள். நடுத்தர முதலாளிகளை அணிதிரட்ட இயலும். பணக்கார உழவர்களை நடுநிலைப்படுத்தலாம் என அது கருதியது.

இம்மூன்று மதிப்பீடுகளும் ஒரே வினாவிற்கான விடைகளாகும். அரசியல் விடுதலை பெற்ற பின்னரும் வேளாண்மையில் நிலக்கிழாரிய உறவுகளும் தொழில்துறையில் அந்நிய மூலதனமும் நீடிக்கும் ஒரு நாட்டில், உள்நாட்டு முதலாளி வர்க்கம் எந்த அளவிற்கு அவற்றை எதிர்க்கும் என்பதே அவ்வினா. எதிர்க்கும் எனில் அவ்வர்க்கம் கூட்டாளி. சமரசம் செய்துகொள்ளும் எனில் எதிரி. அணிச்சேர்க்கை, தேர்தல் உத்தி, போராட்ட வடிவம் ஆகிய அனைத்தும் இந்த விடையையே சார்ந்திருந்தன.

1951 தொடக்கத்தில் அஜய் கோஷ், டாங்கே, ராஜேஸ்வர ராவ், பசவபுன்னையா ஆகியோர் மாஸ்கோ சென்று ஸ்டாலினுடன் உரையாடினர். அதன்பின் உருவான 1951ஆம் ஆண்டுத் திட்டம் நேரு அரசை நிலவுடைமையாளர்கள், சமஸ்தான மன்னர்கள், பிற்போக்குப் பெருமுதலாளிகள் ஆகியோரின் அரசாகவும் பிரிட்டிஷ் ஏகாதிபத்தியத்தோடு ஒத்துழைப்பதாகவும் வரையறுத்தது. அவ்வாண்டு அக்டோபரில் தெலங்கானா ஆயுதப் போராட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது. அஜய் கோஷ் பொதுச்செயலாளரானார். கட்சி ஒன்றுபட்டது, ஆயினும் அவ்வொற்றுமைக்கு அடிப்படையாக அமைந்த வரையறையை அடுத்த ஐந்தாண்டு நிகழ்வுகளே கேள்விக்குள்ளாக்கின.

ஆவடியும் பிலாயும் தோற்றுவித்த சிக்கல்

1955 சனவரியில் சென்னைக்கு அருகிலுள்ள ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு ‘சோசலிச பாணிச் சமுதாயம்’ அமைப்பதைத் தன் இலக்காக அறிவித்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் பிலாய் உருக்காலைக்கான உடன்பாட்டை இந்தியாவும் சோவியத் ஒன்றியமும் செய்துகொண்டன. 1956 ஏப்ரலில் வெளியான தொழிற்கொள்கைத் தீர்மானம் 17 தொழில்களை அரசின் முழுப் பொறுப்பிற்கு உரியனவாக வகுத்தது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் கனரகத் தொழில்களுக்கு முதன்மை அளித்தது. பிரிட்டிஷ் ஏகாதிபத்தியத்தோடு ஒத்துழைக்கும் அரசு என 1951இல் வரையறுக்கப்பட்ட ஓர் அரசு, பாண்டுங்கில் அணிசேரா நாடுகளின் குரலாக ஒலித்ததையும் பொதுத்துறையைக் கட்டியதையும் எவ்வாறு விளக்குவது என்ற சிக்கல் எழுந்தது.

1956 ஏப்ரலில் கேரளத்தின் பாலக்காட்டில் கூடிய நான்காவது மாநாட்டில் இச்சிக்கல் வெளிப்பட்டது. காங்கிரசுடன் இணைந்த கூட்டரசை நோக்கிக் கட்சி செல்ல வேண்டும் என ஜோஷி, ராஜேஸ்வர ராவ், பவானி சென் உள்ளிட்டோர் மாற்றுத் தீர்மானம் முன்வைத்தனர். மாநாடு அதனை ஏற்கவில்லை. ஆயினும் 1964இல் எதிரெதிராக நின்ற இரு போக்குகளின் அடிப்படை வடிவத்தைப் பாலக்காட்டிலேயே காண முடிகிறது. சோவியத் – சீன வேறுபாடு அப்போது வெளியுலகிற்குத் தெரியவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது.

அதே ஆண்டு நிகழ்ந்த மற்றொரு விவாதமும் முக்கியமானது. இந்தியா போன்ற நாடுகளுக்கு முதலாளித்துவமல்லாத வளர்ச்சிப் பாதை திறந்திருக்கிறது என்றும், நேரு அரசின் கொள்கைகள் அத்திசையில் செல்லக்கூடும் என்றும் சோவியத் பொருளியலாளர் மொடெஸ்ட் ரூபின்ஸ்டீன் ‘நியூ டைம்ஸ்’ இதழில் எழுதினார். அதற்கு அஜய் கோஷ் ‘நியூ ஏஜ்’ இதழில் மறுப்பு எழுதினார். அத்தகைய பாதை கோட்பாட்டளவில் இயலக்கூடியதே எனினும், ஆளும் வர்க்கம் தானாக அதில் செல்லும் எனக் கருதுவது மயக்கம் என்பது அவர் வாதத்தின் சாரம். இந்தியக் கட்சியின் பொதுச்செயலாளர் சோவியத் அறிஞர் ஒருவரை அச்சில் மறுத்தமை, கட்சியின் பொருளாதாரச் சிந்தனை மாஸ்கோவின் வெறும் எதிரொலி அன்று என்பதற்குச் சான்றாகும்.

1956க்குப் பின் இரு தரப்பினரும் ஒரே பொருளாதாரத்தில் வெவ்வேறு கூறுகளை முதன்மைப்படுத்தினர். ஒரு தரப்பு பிலாயையும் பொதுத்துறை விரிவாக்கத்தையும் சுட்டியது. ஏகபோகங்களுக்கு எதிரான தேசிய முதலாளிகள் அரசிற்குள்ளேயே இருக்கின்றனர் என்றது. மறுதரப்பு 1956 ஆகஸ்டில் அமெரிக்காவுடன் செய்யப்பட்ட பி. எல். 480 உணவு தானிய உடன்பாட்டையும், அந்நியச் செலாவணி நெருக்கடியை அடுத்து 1958இல் உலக வங்கியின் முயற்சியால் அமைந்த இந்திய உதவிக் கூட்டமைப்பையும், நிறைவேறாத நிலச்சீர்திருத்தத்தையும் சுட்டியது. பொதுத்துறை என்பது பெருமுதலாளிகளால் தனித்து இட இயலாத முதலீட்டை அரசு அவர்களுக்காக இடும் ஏற்பாடே என அது வாதிட்டது. 1965இல் வெளிவந்த ஏகபோக விசாரணை ஆணையத்தின் அறிக்கை, வங்கி சாராத தனியார் நிறுவனச் சொத்துகளில் 46.9 விழுக்காடு 75 தொழிற்குழுமங்களிடம் இருந்ததாகக் கணக்கிட்டது. இப்புள்ளிவிவரம்கூட விவாதத்தை முடிக்கவில்லை. ஏகபோகத்திற்கு எதிராகச் சிறு, நடுத்தர முதலாளிகளைத் திரட்டலாம் என்பதற்கும், அரசு ஏகபோகத்தின் கையில் உள்ளது என்பதற்கும் அதனை ஒருசேரச் சான்றாக்க முடிந்தது.

அமைப்பும் ஒத்திவைக்கப்பட்ட முடிவும்

1957 தேர்தலில் கட்சி மக்களவையில் 27 இடங்களைப் பெற்றது, கேரளத்தில் இ. எம். எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் ஆட்சி அமைத்தது. 1958 ஏப்ரலில் கூடிய அமிர்தசரஸ் சிறப்பு மாநாடு இவ்வெற்றியின் ஒளியில் கட்சியின் அமைப்பு விதிகளைத் திருத்தியது. அமைதி வழியில் சோசலிசத்தை அடைய முயல்வது முகப்புரையில் இடம்பெற்றது. மறைவு இயக்கக் காலத்துச் ‘செல்’ அமைப்பிற்கு மாற்றாகக் கிளைகள் வந்தன. மத்தியக் குழுவின் இடத்தில் தேசியக் கவுன்சில், மத்திய நிர்வாகக் குழு, செயலகம் என மூன்று அடுக்குகள் அமைந்தன.

விரிந்த அவைகள் எல்லாப் போக்குகளுக்கும் இடமளித்தன. அதே வேளையில் வேறுபாடுகளைச் சமரசச் சொற்களால் மூடும் வழக்கத்தையும் அவை வளர்த்தன. 1959 சூலை 31 அன்று கேரள அரசு கலைக்கப்பட்டது. முதலாளித்துவ அரசமைப்பின் எல்லைகளை இது காட்டிவிட்டது என ஒரு தரப்பும், காங்கிரசிலுள்ள வலதுசாரிகளின் செயல் இது என மறுதரப்பும் கொண்டன.

1960 நவம்பரில் மாஸ்கோவில் கூடிய 81 கட்சிகளின் மாநாடு ‘தேசிய ஜனநாயக அரசு’ என்னும் கருத்தாக்கத்தை வெளியிட்டது. 1961 ஏப்ரலில் விஜயவாடாவில் கூடிய ஆறாவது மாநாட்டின் முன் புதிய திட்டத்திற்கான மாறுபட்ட வரைவுகள் இருந்தன. சோவியத் கட்சியின் சார்பில் சுஸ்லோவ் வந்திருந்தார். அஜய் கோஷின் உரையை அடிப்படையாகக் கொண்டு அரசியல் தீர்மானம் திருத்தி ஏற்கப்பட்டது. திட்டம் குறித்த முடிவு ஒத்திவைக்கப்பட்டது. நடைமுறைக்குப் பொருந்தாத 1951ஆம் ஆண்டுத் திட்டத்தோடும், இருவகையாகப் பொருள் கொள்ளத்தக்க ஒரு தீர்மானத்தோடும் கட்சி எஞ்சியது. பெரும்பான்மை முடிவிற்குச் சிறுபான்மை கட்டுப்படுதல் ஜனநாயக மத்தியத்துவத்தின் அடிப்படை. கட்டுப்படத்தக்க முடிவே எடுக்கப்படாத நிலையில் அவ்விதி செயலிழந்தது.

1962 சனவரியில் அஜய் கோஷ் மறைந்தார். ஏப்ரலில் டாங்கேக்கெனத் தலைவர் பதவி புதிதாக உருவாக்கப்பட்டது, நம்பூதிரிபாடு பொதுச்செயலாளரானார். கருத்து வேறுபாடு பதவிப் பகிர்வாக மாற்றப்பட்டதே அன்றித் தீர்க்கப்படவில்லை.

எல்லைப் போரும் முறிவும்

1962 அக்டோபர் 20 அன்று தொடங்கிய எல்லைப் போர் இச்சமநிலையைக் குலைத்தது. நவம்பர் 1 அன்று தேசியக் கவுன்சில் சீன ஆக்கிரமிப்பைக் கண்டித்து, நாட்டைக் காக்கும் பணியில் அரசை ஆதரிக்கும் தீர்மானத்தைப் பெரும்பான்மையால் நிறைவேற்றியது. சுந்தரய்யா, ஜோதிபாசு, சுர்ஜித் ஆகியோர் செயலகத்திலிருந்து விலகினர். நவம்பர் பிற்பகுதியில் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் எதிர்த்தரப்பினர் பெருமளவில் கைதாயினர்.

போர், கருத்து வேறுபாட்டின் உள்ளடக்கத்தை மாற்றவில்லை. அதன் விலையை மாற்றியது. அதுவரை மாநாட்டு மேடையில் மறுக்கப்பட்ட கருத்து, இப்போது தேசத்துரோகம் எனக் குற்றஞ்சாட்டப்படத்தக்கதாயிற்று. ஒரு தரப்பினர் சிறையில் இருந்தபோது மறுதரப்பினர் அமைப்பை நடத்தினர். மேற்கு வங்கத்தில் தலைவர்களுள் பலர் சிறையிலிருந்த நிலையில் கட்சிப் பணிகளுக்குத் தற்காலிகக் குழு அமைக்கப்பட்டமை கடும் கசப்பை விளைவித்தது. நம்பூதிரிபாடு 1963 பிப்ரவரியில் பொதுச்செயலாளர் பதவியைத் துறந்தார். 1964 மார்ச்சில் பம்பாயின் ‘கரண்ட்’ வார இதழ், டாங்கே 1924இல் சிறையிலிருந்து பிரிட்டிஷ் அரசிற்கு எழுதியவை எனக் கூறப்பட்ட கடிதங்களை வெளியிட்டது. டாங்கே அவற்றைப் போலியானவை என மறுத்தார். ஏப்ரல் வெளிநடப்பிற்கு இது உடனடிக் காரணமாயிற்று.

பிரிந்த தரப்பினர் சூலையில் தெனாலியில் கூடி, அக்டோபர் 31 முதல் நவம்பர் 7 வரை கல்கத்தாவில் தம் ஏழாவது மாநாட்டை நடத்தினர். மற்றத் தரப்பின் ஏழாவது மாநாடு டிசம்பரில் பம்பாயில் நடந்தது. இரண்டும் பதின்மூன்று ஆண்டுகளாக இயலாமற்போன திட்டத்தைத் தத்தமக்கென நிறைவேற்றின. இந்திய அரசு, பெருமுதலாளிகளின் தலைமையிலுள்ள முதலாளித்துவ – நிலக்கிழாரிய அரசு. அந்நிய நிதி மூலதனத்தோடு அது மேன்மேலும் ஒத்துழைக்கிறது. எனவே தொழிலாளி வர்க்கத் தலைமையில் மக்கள் ஜனநாயகம் தேவை என்றது கல்கத்தாத் திட்டம். இந்திய அரசு தேசிய முதலாளி வர்க்கம் முழுமையின் அரசு. அதில் பெருமுதலாளிகள் வலிய செல்வாக்குடையோர். தேசிய முதலாளிகளும் இடம்பெறும் தேசிய ஜனநாயக முன்னணியில் தலைமை எவருக்கும் தனியுரிமை அன்று என்றது பம்பாய்த் திட்டம். 1948இல் எழுப்பப்பட்ட வினாவிற்கு இரு கட்சிகள் இரு விடைகளை எழுதிக்கொண்டன.

பிளவிற்குப் பிந்தைய சான்றுகள்

‘பீக்கிங் சார்பு’ என்னும் பெயர் மூன்று ஆண்டுகளில் பொருளிழந்தது. 1967 சூலையில் சீன ஏடுகள் நக்சல்பாரி எழுச்சியை வரவேற்று, மார்க்சிஸ்ட் கட்சித் தலைமையைத் தாக்கின. அக்கட்சியின் மத்தியக் குழு ஆகஸ்டில் மதுரையில் கூடிச் சீனக் கட்சியோடு தனக்குள்ள அடிப்படை வேறுபாடுகளை ஆவணமாக்கியது. இந்தியாவின் அரசியல் விடுதலையை மறுக்கும் மதிப்பீட்டை அது ஏற்கவில்லை. சோவியத் கட்சியின் இந்திய மதிப்பீட்டையும் அது ஏற்கவில்லை. இரு பெருங்கட்சிகளிடமிருந்தும் விலகி நிற்க அக்கட்சிக்கு அடிப்படையாக இருந்தது 1964 திட்டத்தின் அரசு பற்றிய வரையறையே.

தேசிய ஜனநாயகக் கோட்பாடும் அதற்குரிய விளைவுகளைத் தந்தது. 1969ஆம் ஆண்டு வங்கி நாட்டுடைமையில் முற்போக்கு முதலாளிகளின் வெற்றியைக் கண்ட இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி, 1975இல் நெருக்கடி நிலையையும் ஆதரித்தது. 1978இல் பதிண்டாவில் கூடிய மாநாட்டில் அவ்வாதரவு தவறென அக்கட்சியே ஏற்றது. தொழிற்சங்க இயக்கமும் பிளவுபட்டது. 1970 மே மாதம் கல்கத்தாவில் சி.ஐ.டி.யு. உருவானபோது ரணதிவே அதன் தலைவராகவும் பி. ராமமூர்த்தி பொதுச்செயலாளராகவும் பொறுப்பேற்றனர். தமிழக ஆலைகளில் ஒரே வாயிற்கூட்டத்தில் நின்ற தொழிலாளர்கள் இரு கொடிகளின்கீழ்ப் பிரிந்தனர்.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. 1964 பிளவின் உள்ளடக்கம் பொருளாதாரம் சார்ந்தது. இந்திய முதலாளி வர்க்கம் பற்றிய முரண்பட்ட மதிப்பீடுகள் 1948இலும் 1956இலும் தெளிவாகவே வெளிப்பட்டுள்ளன. அம்மதிப்பீடுகளை மோதவிட்டு முடிவெடுக்க வேண்டிய அமைப்பு, ஒற்றுமையைக் காக்கும் பொருட்டு முடிவை ஒத்திவைத்தது. அவ்வொத்திவைப்பே ஒற்றுமையைப் பலவீனப்படுத்தியது. சோவியத் – சீன மோதலும் எல்லைப் போரும் பிளவின் காலத்தையும் கசப்பையும் தீர்மானித்தன. தனிமனிதப் பகைகளும் மாநிலக் குழுக்களின் போட்டியும் இதில் பங்காற்றின எனினும், இரு தரப்பும் எழுதிக்கொண்ட திட்டங்களின் வேறுபாட்டை அவற்றால் மட்டும் விளக்க இயலாது.

பொருளாதாரச் சான்றுகள் தாமாகவே அரசியல் முடிவைத் தந்துவிடுவதில்லை என்பதும் இவ்வரலாற்றால் புலனாகிறது. பிலாய் உருக்காலையையும் 75 குழுமங்களின் சொத்துக் கணக்கையும் இரு தரப்பாரும் அறிந்திருந்தனர். எந்த வர்க்கத்தோடு சேர்ந்து நடப்பது என்ற தெரிவே அச்சான்றுகளுக்குப் பொருள் தந்தது. அத்தெரிவை வெளிப்படையாக விவாதித்து முடிவெடுக்க 1956இலும் 1961இலும் கட்சிக்கு வாய்ப்பு இருந்தது. 1964இல் அந்த முடிவு, பிரிந்த இரு மாநாடுகளில் தனித்தனியே எடுக்கப்பட்டது.