மின்கையொப்பம்: சட்டமும் தரநிலைகளும்

மின்கையொப்பம் என்பது ஒரு மின்னணு ஆவணத்தில் ஒப்பமிட்டவர் இன்னார் என்றும், அவர் ஒப்பமிட்ட பிறகு அதில் எதுவும் மாற்றப்படவில்லை என்றும் காட்டும் ஏற்பாடு. இந்தியாவில் இதற்குச் சட்டத் தகுதி தந்தது 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம். ஆடிட்டர்களும் டெண்டர் போடும் கான்ட்ராக்டர்களும் இதை ‘டி.எஸ்.சி.’ என்பார்கள். தமிழ்நாட்டில் கடந்த சில ஆண்டுகளுக்குள் சாதிச் சான்றிதழோ வருமானச் சான்றிதழோ வாங்கியவர்கள், பெயர் தெரியாமலே இதைக் கையில் வைத்திருக்கிறார்கள்.

ஆவணம் முழுவதும் முதலில் ஹாஷ் எனும் கணக்கீட்டின் வழியாகக் குறித்த நீளமுள்ள ஓர் எண்ணாகச் சுருக்கப்படும். ஆவணத்தில் ஒரு காற்புள்ளி மாறினாலும் அந்த எண் அடியோடு மாறிவிடும். ஒப்பமிடுபவர் தன்னிடம் மட்டுமே உள்ள தனிச் சாவியை அந்த எண்ணின்மீது செலுத்துகிறார். அதன் இணையான பொதுச் சாவியைக் கொண்டு யார் வேண்டுமானாலும் சரிபார்த்துக்கொள்ளலாம். அந்தப் பொதுச் சாவி இன்னாருடையதுதான் என்று உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்று சான்று தருகிறது. கணக்கு எவ்வளவு திடமாக இருந்தாலும், இந்தச் சான்று தரும் வேலை மனிதர்கள் கையில் இருக்கிறது.

பொதுச் சாவிக் கருத்தை 1976இல் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் வெளியிட்டார்கள். மறு ஆண்டே ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மன் மூவரும் ஆர்.எஸ்.ஏ. முறையை வகுத்தார்கள். சட்டம் வந்து சேர ஏறக்குறைய இருபது ஆண்டு பிடித்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலம் 1995இல் இயற்றிய சட்டம் இந்தச் சாவி முறையையே சட்டத்துக்குள் எழுதி வைத்தது. மறு ஆண்டு ஐ.நா.வின் வணிகச் சட்ட ஆணையம் வெளியிட்ட மாதிரிச் சட்டம் எந்தத் தொழில்நுட்பத்தையும் பெயர் சொல்லாமல், கையொப்பம் செய்யவேண்டிய வேலையை ஒரு முறை செய்கிறதா என்று மட்டும் கேட்டது. இந்தியச் சட்டத்தின் முகப்புரை, அந்த மாதிரிச் சட்டத்தை ஏற்ற, 1997 ஜனவரி 30 தேதியிட்ட ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்தைச் சொல்லித்தான் தொடங்குகிறது. ஆனால் கையொப்பம் என்று வந்தபோது யூட்டா போன வழியில் போய், சாவிச் சோடியையும் ஹாஷையும் 3ஆம் பிரிவிலேயே எழுதிவிட்டது. அவசரம் என்று இதைக் குறை சொல்வோர் உண்டு; நீதிமன்றங்களுக்கு முற்றிலும் புதிதான ஒன்றை அறிமுகப்படுத்தும்போது கைக்குப் பிடிமானம் தந்த ஏற்பாடு என்றும் பார்க்கலாம்.

சட்டம் 2000 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. சான்றளிக்கும் நிறுவனங்களுக்கு உரிமம் தர ஒரு கட்டுப்பாட்டு அதிகாரியும், அவர் கையில், மற்றச் சான்றிதழ்களுக்கெல்லாம் அடிப்படையான நாட்டின் மூலச் சான்றிதழும் என்று அமைப்பு உருவானது. முதல் உரிமம் 2002 பிப்ரவரியில் சேஃப்ஸ்கிரிப்டுக்குக் கிடைத்தது; சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவேயின் (பின்னாளைய சிஃபி) துணை நிறுவனம் அது.

எந்தக் கணக்கீட்டைப் பயன்படுத்தலாம் என்பது விதிகளின் வேலை. 2000ஆம் ஆண்டு விதிகள் சான்றிதழுக்கு எக்ஸ்.509 என்ற உலகத் தரத்தையும், ஹாஷுக்கு எம்.டி.5, எஸ்.எச்.ஏ.-1 இரண்டையும் ஏற்றன. 2004இல் சீனக் கணிதவியலாளர் வாங் ஷியாவ்யுன் குழு எம்.டி.5ஐ உடைத்துக் காட்டியது: வெவ்வேறான இரண்டு தரவுகளுக்கு ஒரே எண் வரச் செய்ய முடிந்தது. ஒரு பத்திரத்துக்குப் போட்ட ஒப்பத்தை இன்னொரு பத்திரத்துக்கும் பொருத்தலாம் என்றால் அப்புறம் ஒப்பம் எதற்கு? 2012 ஜனவரி முதல் இந்தியச் சான்றிதழ்கள் எஸ்.எச்.ஏ.-2 வகைக்கும் 2048 பிட் நீளமுள்ள சாவிக்கும் மாறின. தனிச் சாவி ஒரு வன்பொருளுக்குள்ளேயே பிறந்து, அதைவிட்டு வெளியே வராமல் இருந்தால்தான் ‘பாதுகாப்பான’ கையொப்பம் என்று 2004ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. பென்டிரைவ் போன்ற யூ.எஸ்.பி. டோக்கன் ஆடிட்டர் மேசைக்கு வந்தது இதனால்தான். 2006இல் கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்.சி.ஏ.21 என்ற இணையவழித் தாக்கல் திட்டம் டி.எஸ்.சி.யைக் கட்டாயமாக்கியதும் அது நாடெங்கும் பரவியது. தனிச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது உரியவரின் கடமை என்கிறது சட்டத்தின் 42ஆம் பிரிவு. டோக்கனையும் பாஸ்வேர்டையும் சேர்த்து ஆபீஸ் பையனிடம் கொடுத்து வைக்கும் முதலாளிகள் அந்தப் பிரிவைப் படித்ததாகத் தெரியவில்லை.

2009 அக்டோபர் 27 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம் 3ஏ பிரிவைச் சேர்த்து, மற்ற தொழில்நுட்பங்களுக்கும் கதவைத் திறந்தது. பிறர் கையொப்பத்தை மோசடியாகப் பயன்படுத்தினால் மூன்றாண்டு வரை சிறை என்ற 66சி பிரிவும் அப்போது வந்ததே. திறந்த கதவு வழியாக 2015 ஜனவரியில் இ-சைன் நுழைந்தது. ஆதார் எண்ணும் ஓ.டி.பி.யும் இருந்தால், ஒரே ஒரு ஒப்பத்துக்காகச் சாவிச் சோடி உருவாக்கப்பட்டு, வேலை முடிந்ததும் அழிக்கப்படும். சான்றிதழின் ஆயுள் அரை மணி நேரம். டோக்கன் தேவையில்லை. தனியார் நிறுவனங்கள் ஆதாரைப் பயன்படுத்த இடமளித்த ஆதார் சட்டப் பகுதியை 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் நீக்கியபோது இந்த முறையும் ஆட்டம் கண்டது; ஆதாரை நேரடியாகச் சாராத அடையாளச் சரிபார்ப்பு வழிகள் பிறகு சேர்க்கப்பட்டன.

அமைப்பின் பலவீனம் வெட்டவெளிச்சமானது 2014 ஜூலையில். இணையதளம் இன்னாருடையது என்று உலாவிகளுக்குக் காட்டுவதும் இதே வகைச் சான்றிதழ்தான்; கூகுளின் இணையப் பெயர்களுக்கு, அந்நிறுவனம் கேட்காமலே அப்படிச் சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருப்பதை ஜூலை 2 அன்று கூகுள் கண்டுபிடித்தது. வழங்கியது தேசிய தகவலியல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவு. அதன் வழங்கல் நடைமுறையின் பாதுகாப்பு குலைந்திருந்தது என்று கட்டுப்பாட்டு அதிகாரி அலுவலகம் தெரிவித்தது. மறுநாளே அப்பிரிவின் இடைநிலைச் சான்றிதழ்கள் ரத்தாயின. விண்டோஸின் நம்பிக்கைப் பட்டியலில் இந்திய மூலச் சான்றிதழ் இருந்ததால் ஆபத்து உலகளாவியதானது. அது பட்டியலில் இல்லாத ஃபயர்ஃபாக்ஸுக்குப் பாதிப்பில்லை. குரோம் அதன்பின் இந்திய மூலச் சான்றிதழை அரசு, கல்வித் தளங்கள் உள்ளிட்ட சில முகவரிகளுக்குள் மட்டும் நம்பியது. இவ்வளவு நடந்தும் கணக்கீட்டில் ஒரு குறையும் இல்லை.

நம்பிக்கைப் பட்டியல் விவகாரத்தைப் பொம்மிடியிலும் பார்க்கலாம். சேலம்–ஜோலார்பேட்டை ரயில் பாதையிலுள்ள இந்த ஊர், தர்மபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தைச் சேர்ந்தது. சாதிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தால், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் எனக் கடந்து, பிற்படுத்தப்பட்டோர் என்றால் துணை வட்டாட்சியரிடமும் பட்டியல் சாதியினர் என்றால் வட்டாட்சியரிடமும் போகும். பக்கத்து மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு ஒப்பமிட வேண்டியவர் அரூர் கோட்டாட்சியர். எஸ்.எம்.எஸ். வந்ததும் பி.டி.எஃப். கோப்பைப் பிரிண்ட் எடுக்கிறார்கள். ஓரத்தில் அதிகாரியின் பெயரும் தேதியும் நேரமும். அதன்மேல் மஞ்சள் கேள்விக்குறி, கூடவே ‘சிக்னேச்சர் நாட் வெரிஃபைட்’ என்ற ஆங்கில வாசகம். சான்றிதழ் போலி என்று அதற்குப் பொருளில்லை. கோப்பைத் திறந்த மென்பொருளின் பட்டியலில் இந்திய மூலச் சான்றிதழ் இல்லை, அவ்வளவுதான். அதை ஒருமுறை நம்பிக்கைக்குரியதாகச் சேர்த்துவிட்டால் கேள்விக்குறி பச்சை டிக்காகும். இ-ஆதார் கோப்புக்கும் இதே வழியைத்தான் ஆதார் ஆணையம் சொல்கிறது.

ஆனால் இங்கே பெரும்பாலோர் அந்தக் கோப்பைத் திறப்பதே பிரிண்ட் எடுப்பதற்குத்தான். தாளில் இறங்கிய கணமே ஹாஷும் சாவியும் போய்விடுகின்றன. மிஞ்சுவது கையொப்பத்தின் படம். அதை லேமினேட் செய்து, ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸில் இன்னோர் அதிகாரியிடம் பச்சை மையில் அட்டஸ்டேஷனும் வாங்கச் சொல்கிற அலுவலகங்கள் இருக்கின்றன. தாளைச் சரிபார்க்க உண்மையில் உதவுவது அதிலுள்ள கியூ.ஆர். குறியீடும், இணையத்தில் தட்டிப் பார்க்கக்கூடிய சான்றிதழ் எண்ணும்தான். சட்டம் அங்கீகரித்த கையொப்பத்துக்கு அதில் வேலையே இல்லை. கோப்பாகவே வாங்கிக்கொள்ளுங்கள் என்று அலுவலகத்திடம் அடம்பிடிக்கவும் முடியாது: மின்னணு வடிவத்தை ஏற்கும்படி அரசை வற்புறுத்தும் உரிமை யாருக்கும் இல்லை என்று அதே சட்டத்தின் 9ஆம் பிரிவு சொல்கிறது.

நீதிமன்றத்தில் நிலைமை மேல். பாதுகாப்பான மின்கையொப்பத்தை உரியவர் ஒப்பமிடும் நோக்கத்தோடுதான் இட்டார் என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்றது சாட்சியச் சட்டத்தின் 85பி பிரிவு. அதன் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதிநியமும் இந்த அனுமானத்தைத் தொடர்கிறது.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்துக்குள் வராத ஆவணங்களும் உண்டு. உயில், அறக்கட்டளைப் பத்திரம் இரண்டும் தொடக்கம் முதலே விலக்கப்பட்டவை. காசோலை நீங்கலான மாற்றுமுறை ஆவணங்களுக்கும் அதிகாரப் பத்திரத்துக்கும் இருந்த விலக்கு, ரிசர்வ் வங்கி போன்றவற்றின் கட்டுப்பாட்டிலுள்ள நிறுவனங்களுக்காக 2022இல் ஓரளவு தளர்ந்தது. அசையாச் சொத்து விற்பனை ஒப்பந்தம் அந்த ஆண்டே விலக்குப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. எனினும் கிரயப் பத்திரத்தை ஆள்வது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். பொம்மிடிக்காரர் தன் காட்டுக்கு மின்கையொப்பமிட்ட வில்லங்கச் சான்றை வீட்டிலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். அதை விற்க வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் விரல்ரேகை வைக்க வேண்டும்.