சலவை இயந்திர மின்னோடியின் வேகக் கோளாறுகள்

சலவை இயந்திர மின்னோடியின் வேகக் கோளாறுகள் என்பவை, துணி துவைக்கும் இயந்திரத்தின் மின்னோடி (மோட்டார்) உரிய வேகத்தில் சுழலாமல் மெதுவாகவோ, மிகை வேகத்திலோ, ஒரே திசையிலோ சுழல்வதையும், உறுமிக்கொண்டு சுழலாமல் நிற்பதையும் குறிக்கும். இவற்றுள் பல மின்னோடியின் பழுதால் ஏற்படுவதில்லை. மின்தேக்கி, வார்ப்பட்டை, தடை (பிரேக்), வழங்கப்படும் மின்னழுத்தம் ஆகியவையே பெரும்பாலும் காரணமாகின்றன. எனவே மின்னோடியை மாற்றும் முன் இவற்றை வரிசையாகச் சோதிப்பது வீண் செலவைத் தவிர்க்கும்.

மின்னோடி வகைகள்

இரட்டைத் தொட்டி அரைத் தானியங்கி இயந்திரங்களில் துவைக்க ஒன்றும் பிழிய ஒன்றுமாக இரண்டு தூண்டல் மின்னோடிகள் உள்ளன. தூண்டல் மின்னோடியின் ஒத்தியங்கு வேகம், அலைவெண்ணை 120 ஆல் பெருக்கி முனைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைக்கும். இந்தியாவின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 4 முனை மின்னோடிக்கு இது நிமிடத்துக்கு 1500 சுற்றுகள். நழுவல் காரணமாக உண்மை வேகம் இதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

முன்புறம் திறக்கும் இயந்திரங்கள் பலவற்றில் கரித்தூரிகை கொண்ட பொது மின்னோடி பயன்படுகிறது. இதன் வேகத்தை வேக உணரி அளக்க, கட்டுப்பாட்டுப் பலகை அதற்கேற்ப மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கிறது. அண்மைக்கால இயந்திரங்களில் தூரிகையற்ற மின்னோடிகள் பரவலாகியுள்ளன.

அறிகுறிகளும் காரணங்களும்

* உறுமல் மட்டும் கேட்டுச் சுழலாமை: மின்தேக்கியின் கொள்ளளவு குறைந்திருக்கலாம் அல்லது உருளுருளை (பேரிங்) இறுகியிருக்கலாம்.
* மின்னோடி சுழன்றும் துணி சுழலாமை: வார்ப்பட்டை தளர்ந்திருக்கும் அல்லது தேய்ந்திருக்கும்.
* பிழியும் தொட்டி மட்டும் மெதுவாகச் சுழலுதல்: மூடியோடு இணைந்த தடைக்கம்பி சரியாக விடுபடாமல் தடைக்கட்டை உரசிக்கொண்டிருக்கலாம்.
* ஒரே திசையில் மட்டும் சுழலுதல்: நேரமானியின் தொடுமுனை கருகியிருக்கலாம்.
* பொது மின்னோடி திடீரென மிகை வேகம் கொண்டு நின்றுவிடுதல்: வேக உணரியின் காந்தம் கழன்றிருக்கலாம், சுருள் அறுந்திருக்கலாம், அல்லது பலகையிலுள்ள டிரையாக் குறுக்கிணைந்திருக்கலாம்.
* தீப்பொறியும் விட்டுவிட்டு ஓடுதலும்: கரித்தூரிகை தேய்ந்திருக்கும்.

சோதிக்கும் முறை

முதலில் இயந்திரம் ஓடும்போதே செருகியில் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். ஓடாதபோது சரியாகத் தோன்றும் மின்னழுத்தம், சுமை ஏறியதும் குறையக்கூடும். பின்னர் மின்செருகியைப் பிடுங்கிவிட்டுத் தொட்டியையும் மின்னோடியையும் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். இறுக்கம் தெரிந்தால் கோளாறு இயந்திரப் பகுதியைச் சார்ந்தது.

அடுத்து, மின்னிறக்கம் செய்யப்பட்ட மின்தேக்கியைக் கழற்றி, அதன்மேல் அச்சிட்ட அளவோடு ஒப்பிட வேண்டும். கொள்ளளவு கூடிய மின்தேக்கியைப் பொருத்தினால் வேகம் கூடும் என்னும் கருத்து தவறானது. அது துணைச்சுருளைச் சூடாக்கி எரித்துவிடும். புதிய மின்தேக்கி அதே கொள்ளளவும், பழையதற்குக் குறையாத வோல்ட் அளவும் உடையதாக இருக்க வேண்டும்.

இறுதியாகச் சுருள்களின் மின்தடை அளக்கப்படும். துவைக்கும் மின்னோடி இரு திசையிலும் சுழல்வதால் அதன் இரண்டு சுருள்களும் ஏறத்தாழச் சமமான மின்தடை காட்ட வேண்டும். பிழியும் மின்னோடி ஒரே திசையில் சுழல்வது. அதன் முதன்மைச் சுருளும் துணைச்சுருளும் வேறுபடுவது இயல்பே. சுருள் எரிந்திருந்தால் மறுசுற்று செய்யலாம். வழக்கில் இதனைக் காயில் கட்டுதல் என்பர்.

திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் சூழல்

வீடுகளுக்கு வழங்கப்படும் ஒருமுனை மின்சாரம் 230 வோல்ட் அளவினது. தூண்டல் மின்னோடியின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், 180 வோல்ட்டில் முறுக்குவிசை ஏறத்தாழ 61 விழுக்காடாகக் குறைகிறது. கோடை மாலைகளில் மின்பயன்பாடு மிகும்போது இவ்வாறு நேர்ந்தால், பழுதற்ற மின்னோடியும் தொட்டி நிறைந்த துணியைச் சுழற்றத் திணறும். பகலில் சரியாக ஓடி மாலையில் மட்டும் திணறும் இயந்திரத்தில் மின்னழுத்தத்தையே முதலில் ஐயுற வேண்டும்.

திருவரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவாகும். 2005 நவம்பரில் ஏற்பட்ட வெள்ளம் போன்ற காலங்களில் தாழ்வான வீடுகளுக்குள் நீர் புகுந்தது. நீரில் மூழ்கிய இயந்திரம் வெளியே உலர்ந்து தெரிந்தாலும் சுருள்களுக்கிடையே ஈரமும் வண்டலும் தங்கியிருக்கும். அதனைக் கழுவி உலர்த்தி, 500 வோல்ட் மெக்கரால் காப்புத்தடையை அளந்து, குறைந்தது 1 மெகா ஓம் இருப்பதை உறுதிசெய்த பின்னரே மின்னிணைப்புத் தர வேண்டும்.

ஆழ்துளைக் கிணற்றின் கடினநீர் பயன்படும் வீடுகளில் உப்புப்படிவு தண்டின் நீரடைப்பானைத் தேய்க்கிறது. அவ்வழியே கசியும் நீர் உருளுருளையைத் துருப்பிடிக்கச் செய்து வேகத்தைக் குறைக்கும். பிழியும்போது எழும் கரகரப்பு ஒலி இதன் முன்னறிகுறி.

பாதுகாப்பு

மின்செருகியைப் பிடுங்கிய பின்னும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கும். அதனைத் தகுந்த மின்தடையம் வழியாக இறக்கிய பின்பே தொட வேண்டும். தூரிகையற்ற மின்னோடியின் கட்டுப்பாட்டுப் பலகையில் ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்னழுத்தம் சில நிமிடங்கள் நீடிக்கலாம். பொது மின்னோடியைச் சுமையின்றி நேரடி மின்சாரத்தில் ஓட்டிப் பார்க்கக் கூடாது. அது கட்டுக்கடங்காத வேகம் கொண்டு சிதறக்கூடும். ஈரத்தரையில் இயங்கும் கருவி என்பதால் முறையான நிலஇணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் இன்றியமையாதவை.

இவற்றையும் பார்க்க

* தூண்டல் மின்னோடி
* மின்தேக்கி
* நிலஇணைப்பு