அச்சியந்திரமும் அனுமதியும்

1820 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் யேம்ஸ் கரெற் என்னும் அமெரிக்க அச்சாளர் ஒருவர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அமெரிக்க மிஷனைச் சேர்ந்தோர் 1816 ஆம் ஆண்டு முதல் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தங்கிப் பாடசாலைகள் நடாத்தி வந்தனர். மாணாக்கர் படித்தற்கு வேண்டியவற்றைப் பனையோலையில் எழுத்தாணி கொண்டு ஒவ்வொன்றாகப் பிரதி செய்து கொடுத்தல் அன்றி அவர்களுக்கு வேறு வழியில்லை. இக்குறையைத் தீர்க்கும் பொருட்டு அச்சுப்பொறி தருவிக்கப்பட்டது. அதனை இயக்க வல்லவரும் வந்தார். எனினும் அவ்வேளை இலங்கையின் ஆட்சியை நடாத்திய சேர் எட்வேர்ட் பார்ண்ஸ் அவரைத் தங்கவிடாது தீவைவிட்டு நீங்குமாறு கட்டளையிட்டார். கரெற் பம்பாய்க்குச் சென்று, அங்கிருந்த அமெரிக்க மிஷனின் அச்சுத் தொழிலில் அமர்ந்தார். அச்சுப்பொறியோ நல்லூரில் இருந்த ஆங்கிலத் திருச்சபை மிஷனாரின் கைக்கு மாறிற்று.

அச்சு அக்காலத்தில் புதுமையான பொருளன்று. கொல்லத்தில் 1578 ஆம் ஆண்டிலேயே ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சாகி விட்டது. இலங்கையில் ஒல்லாந்தர் கொழும்பில் அச்சுக்கூடம் நிறுவி, 1737 இல் சிங்கள நூலும் பின்னர்த் தமிழ் நூல்களும் பதிப்பித்தனர். ஆயின் அவ்வச்சுக்கூடம் ஆட்சியாளரின் கையில் இருந்தது. 1820 இல் வந்ததோ அந்நிய நாட்டார் ஒருவரின் கையில் வந்த அச்சு. ஆங்கிலேயருக்கும் அமெரிக்கருக்கும் நிகழ்ந்த போர் 1815 இலேயே முற்றுப்பெற்றது. ஊவா வெல்லசைக் கிளர்ச்சி அடக்கப்பட்டு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளே கழிந்திருந்தன. அத்தகைய வேளையில் ஓர் அரசு ஐயுறுதல் இயல்பே. அந்த ஐயத்தின் விலையைக் கொடுத்தவர்கள் யாவர் என்பதே நாம் கருத வேண்டுவது. பள்ளியில் ஓலைக்குக் காத்திருந்த பிள்ளைகளே அதனைக் கொடுத்தனர்.

அமெரிக்க மிஷனுக்குப் புதியோர் வருதலைத் தடுத்த ஆணை 1833 வரை நீடித்தது. அது நீங்கிய பின்னரே அம்மிஷனாரின் அச்சுக்கூடம் மானிப்பாயில் நிலைபெற்றது. அதன் பின் நிகழ்ந்தவற்றை நோக்குக. 1841 இல் ‘உதயதாரகை’ தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவரத் தொடங்கிற்று. எட்டு ஆண்டுகள் கழித்து, 1849 இல், ஆறுமுக நாவலர் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் ஒன்றை வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். பாதிரிமார் தம் சமயத்தைப் பரப்பக் கைக்கொண்ட அதே கருவி, அவர்களுக்கு மறுமொழி கூறவும், பாலபாடங்களையும் இலக்கண இலக்கிய நூல்களையும் பரப்பவும் பயன்பட்டது. வட்டுக்கோட்டையிற் கல்வி கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை 1881 இல் வீரசோழியத்தையும், 1887 இல் கலித்தொகையையும் பதிப்பித்தார். செல்லரித்து, எடுக்குந்தோறும் நொறுங்கிய ஏடுகள் அவரது முயற்சியால் அச்சேறிப் பலர் கையிற் புகுந்தன.

கரெற்றைத் திருப்பி அனுப்பிய பார்ண்ஸ் துரைக்கு இவற்றுள் ஒன்றேனும் தோன்றியிருத்தல் இயலாது. கரெற்றுக்கும் தோன்றியிராது. ஒரு கருவி நாளை எவர் கையில் எந்நன்மையை விளைக்கும் என்பதனைத் தடுப்பவரும் அறியார், கொணர்பவரும் அறியார். ஆதலின், ஒரு கருவியால் விளையக்கூடிய தீமையை மட்டும் எண்ணி அதனை முற்றாக அடைப்பவர், தாம் அறியாத நன்மைகளையும் உடன் அடைத்து விடுகின்றனர்.

அச்சு வந்தமையால் அறிவு அழியாது நிலைத்து விட்டது என்று எண்ணுதற்கும் இடமில்லை. 1933 இல் க. மு. செல்லப்பா தம் இல்லத்தில் தொடங்கிய சிறு நூல்நிலையம் வளர்ந்து யாழ்ப்பாணப் பொது நூல்நிலையமாயிற்று; 1959 இல் அதன் பெருங்கட்டடம் திறந்து வைக்கப்பட்டது. 1981 ஆம் ஆண்டு மே 31 ஆந் திகதி இரவு அது தீயிடப்பட்டது. 90,000 க்கும் மேற்பட்ட நூல்கள் எரிந்தன. அவற்றுள் பல பிரதிகள் உள்ள நூல்களைப் பின்னர் வேறிடங்களிற் பெறலாயிற்று. ஒரே ஒரு பிரதியாக இருந்த சுவடிகளும் பழைய பத்திரிகைகளும் மீளவில்லை. பலவிடத்தும் பரவியிருத்தலே அறிவுக்கு அரண் என்பதை அத்தீ நமக்குக் கற்பித்தது.

அந்த அரணை இணையம் தந்தது. 1998 ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் ‘மதுரைத் திட்டம்’ தொடங்கிற்று. பல நாடுகளில் வாழும் தமிழன்பர்கள், ஊதியம் எதுவுமின்றி, பழந்தமிழ் நூல்களைக் கணினியில் எழுத்தெழுத்தாகத் தட்டச்சுச் செய்து, எவரும் இலவசமாகப் பெறுமாறு இணையத்தில் வைத்தனர். 2005 இல் ஈழத்து நூல்களுக்கென ‘நூலகம்’ என்னும் மின்னூல் நிலையம் தோன்றிற்று. நூல்களும் சஞ்சிகைகளும் பத்திரிகைகளும் பக்கம் பக்கமாகப் படமாக்கப்பட்டு அதிற் சேர்க்கப்பட்டன. பருத்தித்துறையில் இருக்கும் மாணவியும் மட்டக்களப்பில் இருக்கும் ஆசிரியரும் தொறொன்ரோவில் இருக்கும் முதியவரும் ஒரே பக்கத்தை ஒரே வேளையிற் படித்தல் கூடும். ஒரு கட்டடத்தை எரிப்பதால் அதனை அழித்தல் இயலாது.

எனினும் பழைய வினா புதிய உருவில் மீண்டும் வந்து நிற்கின்றது. ஏட்டைப் பூட்டி வைத்தவர் பெட்டிக்குப் பூட்டிட்டார். இணையத்தின் பூட்டுகளோ கண்ணுக்குத் தெரியாதவை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஓர் ஆசிரியரின் உரிமை அவரது வாழ்நாளிலும், அவர் மறைந்த பின் 70 ஆண்டுகளும் செல்லும். எழுதியவர் பயன்பெறுதல் நீதியே. ஆயின் உரிமையாளர் இன்னார் என்று அறிய இயலாத பழைய நூல்கள் மறுபதிப்பும் காணாது, மின்னூலாகவும் மாட்டாது மறைகின்றன.

வேறொரு பூட்டும் உண்டு. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம் மக்கள் மீது வன்செயல் மூண்டபோது, வெறுப்பைத் தூண்டும் செய்திகள் பரவுகின்றன என்று சமூக ஊடகங்கள் ஏறத்தாழ ஒரு வாரம் தடுக்கப்பட்டன. 2019 ஏப்பிரலில் ஈஸ்டர்த் தாக்குதல்களின் பின்னும், 2022 ஏப்பிரலில் பொருளாதார நெருக்கடியை எதிர்த்து மக்கள் திரண்டபோதும் அவ்வாறே செய்யப்பட்டது. முதலிரு வேளைகளிலும் அச்சத்திற்கு உண்மையான காரணம் இருந்தது. வதந்தி உயிரைக் குடிக்க வல்லது. மூன்றாம் முறை தடுக்கப்பட்டதோ ஆட்சியாளரைக் குறை கூறும் குரல். கருவி ஒன்றே, காரணம் வேறு. ஒரு முறை பழகிய கை மறுமுறை எளிதிற் பூட்டை நாடுகின்றது.

எனினும் 1820 க்கும் நமது காலத்திற்கும் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. அன்று தேசாதிபதியின் சொல்லே முடிந்த முடிபு. சட்ட நிரூபண சபையும் 1833 இலேயே தோன்றிற்று. நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் 2023 இல் முன்வைக்கப்பட்டபோதோ, குடிமக்கள் உயர் நீதிமன்றத்தை நாடினர். அதன் பல வாசகங்கள் திருத்தப்படல் வேண்டும் என்று நீதிமன்றம் கூறிற்று. அதன் பின்னரே 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டமாக அது நிறைவேறிற்று. நிறைவேறிய பின்னும் அதனைக் குறித்த விவாதம் ஓயவில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டமோ அரசிடமுள்ள செய்தியைக் கேட்டுப் பெறும் உரிமையைச் சாதாரண மனிதருக்கும் அளித்தது. வினவும் உரிமை நமக்கு உண்டு; கரெற்றுக்கு அது இருக்கவில்லை.

ஆகவே நேயர்களே, அறிவின் வாயிலில் ஒரு தடை இடப்படும்போது நாம் கேட்க வேண்டியவை மூன்று. இதனை இடும் அதிகாரம் யாருக்கு உண்டு? எத்தனை நாளுக்கு? தவறாயின் முறையிடுவது எங்கே? இம்மூன்றிற்கும் விடை கூறக்கூடிய தடையைப் பொறுத்துக் கொள்ளலாம். விடை கூறாத தடை, அச்சாளரைக் கப்பலேற்றிய அந்தக் கட்டளைக்கே இனமாகும்.