சைவ விருந்துச் சமையல் (காஞ்சிபுரம் வட்டாரம்)

காஞ்சிபுரம் நகரிலும், அதன் தெற்கே பாலாற்றங்கரையில் உள்ள ஓரிக்கையிலும், ஆற்றுக்கு அப்பால் உத்திரமேரூர் வரையுள்ள ஊர்களிலும் திருவிழா, கல்யாணம், திவசம் ஆகிய நாள்களில் ஊரைக் கூட்டிப் பரிமாறப்படும் மரக்கறிச் சமையல். வீட்டிலிருந்து கோயிலுக்குப் போனதைவிட, கோயில் மடைப்பள்ளியிலிருந்து வீட்டுக்கு வந்தது இதில் அதிகம். பலருக்கு ஒரே நேரத்தில் ஆக்கவேண்டும், ஆக்கியது வழியில் கெடக்கூடாது என்ற இரண்டு தேவைகளே இதன் பக்குவங்களைத் தீர்மானித்தன.

இங்கே சோறிடுதலின் பெருமை சமையற்குறிப்புகளுக்கு வெகுகாலம் முந்தியது. மணிமேகலைக் காப்பியத்தில் அள்ளக் குறையாத அமுதசுரபிப் பாத்திரம் ஏந்திய மணிமேகலை பஞ்சத்தில் வாடிய காஞ்சிக்குத்தான் வருகிறாள். 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கூரத்தாழ்வான் காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தைச் சேர்ந்தவர். பின்னர் இராமானுசரின் முதன்மைச் சீடரானார். கூரத்தாழ்வானின் மாளிகையில் நாள் முழுதும் அன்னமிட்டு, இரவில் சாத்தும் கதவின் ஓசை காஞ்சி வரதராசர் சந்நிதி வரை கேட்டதாக வைணவக் குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. ஒரு செல்வரின் பெருமையை அவர் வீட்டு அன்னதானத்தைக் கொண்டு அளந்த ஊர் இது.

அந்தச் சோற்றுக்குப் பின்னால் நிர்வாகமும் இருந்தது. முதலாம் பராந்தக சோழனின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலைத் தேர்தல் முறைக்காகப் புகழ்பெற்றவை. அவற்றில் சொல்லப்படும் ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்னும் ஊர்க்குழுக்கள் சமையல் வரலாற்றுக்கும் உரியவை. ஏரி நிறைந்தால் நெல். தோட்டம் தழைத்தால் காய். இரண்டும் இல்லாமல் எந்தப் பந்தியும் இல்லை. கோயில் சமையலில் என்னென்ன சேர்ந்தன என்பதைத் தெற்கே பாண்டிநாட்டு அம்பாசமுத்திரத்தில் உள்ள, வரகுண பாண்டியன் காலத்து 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு விரிவாகத் தருகிறது. அரிசி, நெய், தயிர், வாழைப்பழம், சர்க்கரை, காய்கறிகளோடு மிளகு, மஞ்சள், சீரகம், சிறுகடுகு, கொத்தமல்லி ஆகியவையும் அதில் வருகின்றன. மிளகாய் இல்லை, இருக்கவும் வழியில்லை. 1498க்குப் பின் போர்த்துகீசியர் வழியாகத்தான் அது இந்நாட்டுக்கு வந்தது.

மிளகாய்க்கு முந்திய அந்தச் சுவையை இன்றும் நாக்கில் உணர்த்துவது காஞ்சிபுரம் இட்லி. வரதராசப் பெருமாள் கோயிலில் அமுது செய்விக்கப்படும் இதற்குக் குடலை இட்லி என்றும் கோயில் இட்லி என்றும் பெயர். பச்சரிசியையும் உளுந்தையும் ஊறவைத்து, மாவாகக் குழைந்துவிடாமல் ரவை போலக் கரகரப்பாக அரைத்துப் புளிக்க விடுகிறார்கள். உடைத்த மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், கறிவேப்பிலை, நெய் எல்லாம் அதில் சேரும். நீண்ட மூங்கில் குடலைக்குள் மந்தாரை இலையைப் பரப்பி, மாவை ஊற்றி, பெரிய பாத்திரத்தில் மணிக்கணக்கில் ஆவியில் வேகவைக்கிறார்கள். ஈரம் உள்ளே நிற்க, இலையின் மணம் மாவில் ஏறுகிறது. வெந்தபின் முழு உருளையாக வெளியே எடுத்துத் துண்டு போடுகிறார்கள்.

இதன் வயதை உறுதியாகச் சொல்லக் கல்வெட்டு எதையும் காட்ட முடியாது. ஆனால் இதன் மசாலை பழையது. கன்னடத்தில் 10ஆம் நூற்றாண்டு வட்டாராதனை ‘இட்டலிகெ’யைக் குறிப்பிடுகிறது. 12ஆம் நூற்றாண்டில் மூன்றாம் சோமேசுவரன் எழுதிய மானசோல்லாசம் உளுத்தமாவு உருண்டைகளில் மிளகும் சீரகமும் பெருங்காயமும் சேர்க்கச் சொல்கிறது. அரிசி கலந்து புளிக்கவைக்கும் இட்லி அதற்குப் பின் வந்த வளர்ச்சி என்றாலும், காரத்தின் கூட்டணி மாறவில்லை. மிளகும் சுக்கும் பெருங்காயமும் செரிமானத்துக்கு உதவும் என்பது நம் பாட்டிமார் கண்ட உண்மை. நெய் சேர்ந்து நன்றாக வெந்த இட்லி மறுநாளும் தாங்கும். புளியோதரைக்கும் இதே கணக்குத்தான்: புளியை நல்லெண்ணெயில் சுண்டக் காய்ச்சிய புளிக்காய்ச்சல் நாள்கணக்கில் கெடாது. வண்டி கட்டி வந்த பக்தர்களுக்கு இதைவிட நல்ல கட்டுச்சோறு கிடையாது.

சமணர்களை விட்டுவிட்டு இவ்வட்டாரத்தின் சைவ உணவைப் பேசமுடியாது. காஞ்சியை ஒட்டிய திருப்பருத்திக்குன்றம்தான் பழைய ஜினகாஞ்சி. தமிழ்ச் சமணர் குடும்பங்களில் பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை என்ற நோன்பு இருப்பதால் இரவு விருந்துக்கு அங்கே இடமில்லை. மற்றச் சமூகத்தாரில், பிற மாதங்களில் மீனும் கறியும் சமைக்கும் வீடுகளும் புரட்டாசியில் மாறிவிடுகின்றன. சனிக்கிழமையன்று வீட்டைக் கழுவி, நாமமிட்டு, தளிகை போடுகிறார்கள்: சர்க்கரைப் பொங்கல், புளிசாதம், தயிர்சாதம், வடை, சுண்டல், பாயசம். கோயிலின் பட்டியல் அப்படியே வீட்டு இலைக்கு இறங்குவதை இங்கே நேராகக் காணலாம். படைத்தபின் அக்கம்பக்கத்தாருக்கும் இலை போடுவதுதான் முறை.

ஓரிக்கைக்கு இதில் இரண்டு தொடர்புகள். காஞ்சி மகா பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகளுக்கு (1894–1994) இங்கே கருங்கல் மணிமண்டபம் எழுப்பப்பட்டுள்ளது. ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து, சேர்ந்ததைக் கோயில் அன்னதானத்துக்குக் கொடுக்கும் பிடி அரிசித் திட்டத்தை அவர் வற்புறுத்தினார். கொடுப்பவரின் பானை குறையாமல் பெரும்பந்தி நடத்த இதைவிட எளிய வழி யாரும் சொன்னதில்லை என்றே சொல்லவேண்டும்.  இரண்டாவது தொடர்பு அண்மைக்காலத்தது: 2019இல் ஜூலை 1 முதல் 48 நாள் வரதராசர் கோயிலில் நடந்த அத்திவரதர் வைபவத்துக்கு ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வந்தபோது, ஓரிக்கையில் தற்காலிகப் பேருந்து நிலையம் அமைந்தது. வந்தவர்களுக்கு ஊரெங்கும் அன்னதானம் நடந்தது.

கல்யாணப் பந்தியில் இலையின் நுனி உண்பவரின் இடக்கைப் பக்கம் இருக்கவேண்டும். முதலில் இனிப்பு, பிறகு பச்சடி, கூட்டு, பொரியல், வடை, அப்பளம். சோற்றுக்குப் பருப்பும் நெய்யும், பின் சாம்பார், ரசம், பாயசம், கடைசியில் மோர். இந்த வரிசை இன்றும் பெரிதும் நிலைத்திருக்கிறது. இலைக்குள் வந்தவைதாம் மாறின. உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் காரட்டும் கல்யாணத்தில் நுழைந்துவிட்டன. திவசச் சமையலில் மட்டும் இன்றும் வாழைக்காய், பாகற்காய், அவரை போன்ற நாட்டுக்காய்களே. எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ (1951) என்ற சமையல் நூல் அச்சில் வந்து, வாய்வழியாக இருந்த அளவுகளை எழுத்தாக்கியது. 1950களில் கோவையில் உருவான மின் கிரைண்டர் ஆட்டுக்கல்லை ஓரம்கட்டியது. கோட்டையடுப்பில் விறகு தள்ளி, அண்டாவில் சோறு வடித்த தவசிப்பிள்ளைகளின் இடத்துக்குக் கேட்டரிங் காண்ட்ராக்ட்காரர்கள் வந்தார்கள். மாலை ரிசப்ஷனில் கோபி மஞ்சூரியனும் பன்னீரும் வந்துவிட்டன.

கல்யாணக் காலை டிபனில் காஞ்சிபுரம் இட்லியும் இடம்பிடித்திருக்கிறது. குடலை கிடைக்காததால் டம்ளரில் வார்த்து, அரைமணிக்குள் எடுத்துவிடுகிறார்கள். மிளகும் நெய்யும் அதில் உண்டு. மந்தாரை இலையின் மணமும், நெடுநேரம் வெந்ததால் வரும் இறுக்கமும் அதில் வருவதில்லை. அவற்றை அறிய வரதராசர் கோயில் பிரசாதத்தைத்தான் வாங்கிச் சாப்பிடவேண்டும்.