கிரேன் இருக்கைக்கு ஏறும் வழி

போன மழைக்காலத்தில் நம் மெயின் கேட் அருகே பள்ளத்தில் இறங்கிய தண்ணீர் லாரி நினைவிருக்கும். அதைத் தூக்க வந்த மீட்பு வண்டியைப் பார்க்க எல்லா பிளாக்கிலிருந்தும் பால்கனியில் கூட்டம். வேலை முடிந்ததும் கிரேனை இயக்கிய பையன், கையில் போனோடு, மேலிருந்து ஒரே தாவில் தரைக்குக் குதித்தான். பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பழைய ராணுவ மீட்பு வண்டிகளின் வரலாற்றை ஓரளவு படித்தவன் என்பதால், இந்த இதழுக்கு அதையே எழுதலாம் என்று தோன்றியது.

இந்த வண்டிகளை அமெரிக்கர் ரெக்கர் என்பார்கள். கதை அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், சட்டநூகா நகரில் தொடங்குகிறது. 1916இல் எர்னஸ்ட் ஹோம்ஸ் என்ற கராஜ்காரர், ஓடையில் கவிழ்ந்த நண்பரின் காரை ஆட்களையும் கயிற்றையும் வைத்து மணிக்கணக்கில் போராடி மேலே எடுத்தார். இதற்கு ஒரு இயந்திரம் வேண்டும் என்று அவருக்கு உறைத்தது. கார் ஒன்றின் முதுகில் கம்பமும் கப்பியும் சங்கிலியும் பொருத்தினார். இரண்டாம் உலகப் போரில் அவர் நிறுவனத்தின் இரட்டைக் கம்ப அமைப்பு டயமண்ட் டி லாரிகளில் ஏறிப் போர்முனைக்குப் போனது. அதை இயக்கியவருக்கு உட்கார இருக்கை கிடையாது. நின்றபடியே லீவரை இழுக்க வேண்டும். வசதி இல்லைதான். ஆனால் விழுந்தால் அதிக உயரத்திலிருந்து விழ மாட்டார்.

மாற்றம் 1950களில் வந்தது. அமெரிக்க ராணுவத்தின் ஐந்து டன், ஆறு சக்கர இயக்க லாரி வரிசையில் எம்62 என்ற ரெக்கர் சேர்ந்தது. அதன் பின் அதே குடும்பத்தில் எம்543, 1970களில் எம்816. இவற்றில் டிரைவர் கேபினுக்குப் பின்னால் ஹைட்ராலிக் கிரேன். அதன் கை 10 அடியிலிருந்து 18 அடி வரை நீளும், 45 டிகிரி வரை உயரும், 270 டிகிரி திரும்பும். கையை முழுக்கச் சுருக்கி வைத்தால் 20,000 பவுண்டு, நம் கணக்கில் ஏறக்குறைய ஒன்பது டன் தூக்கும்.

நமக்கு வேண்டிய விஷயம், இயக்குபவரின் இருக்கை. அது கிரேனோடு சேர்ந்து சுழலும் மேடையிலேயே பொருத்தப்பட்டது. கிரேன் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் கண்ணுக்கு நேரே கொக்கியும் சுமையும் இருக்கும். நல்ல யோசனைதான். ஆனால் இருக்கையை ஓராள் உயரத்துக்கு மேலே தூக்கி வைத்தவர்கள், அங்கே போகும் பாதையை ஏறுபவரின் சாமர்த்தியத்துக்கு விட்டுவிட்டார்கள் என்பது என் எண்ணம். வேலையிடப் பாதுகாப்புக்கென்று அமெரிக்காவில் பொதுச் சட்டம் வந்ததே 1970இல். எம்62 அதற்கு ஏறக்குறைய இருபது வருடம் மூத்தது.

இன்று இந்த வண்டிகள் பெரும்பாலும் பழைய வாகனப் பிரியர்களிடம் இருக்கின்றன. எழுபது வயது வண்டியில் பெயின்ட் பளபளக்கும், ஆனால் படி தேய்ந்திருக்கும். கைப்பிடியின் வெல்டிங்கில் விரிசல் இருக்கலாம். தளத்தில் ஹைட்ராலிக் எண்ணெய் கசிந்து, அதன் மேல் தூசி படிந்து, காய்ந்த இடம்போலவே தெரியும். அதனால் ஏறுவதற்கு முன் முதல் வேலை துணியால் துடைப்பது, கைப்பிடியை ஆட்டிப் பார்ப்பது, ஷூவின் அடியைப் பார்ப்பது. பலர் டயரில் கால் வைத்து ஏறுவார்கள். சேறு பட்ட ரப்பரும் வாழைப்பழத் தோலும் ஒன்றுதான்.

ஏறும்போது முகம் வண்டியைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு கை, இரண்டு கால் ஆகிய நான்கில் மூன்று எப்போதும் வண்டியைத் தொட்டிருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே நகர்த்தலாம். ஒன்று வழுக்கினாலும் மீதி இரண்டு தாங்கும். இதைக் கடைப்பிடிக்க வேண்டுமானால் கையில் எதுவும் இருக்கக்கூடாது. ஸ்பேனர், தண்ணீர் பாட்டில் எல்லாம் பிறகு கயிற்றில் வரட்டும்.

உண்மையான கண்ணி கடைசி அடியில் இருக்கிறது. தளத்திலிருந்து இருக்கைக்குத் தாவும்போது கைக்கு எட்டுவது எது? லீவர்கள். கொக்கியை ஏற்றி இறக்க ஒன்று, கையை உயர்த்த ஒன்று, நீட்ட ஒன்று, திருப்ப ஒன்று. பிடித்துக்கொள்ள வாகாக வரிசையாக நிற்கும். இன்ஜின் ஓடி, பம்பும் இணைப்பில் இருந்தால், தடுமாறியவர் பற்றிக்கொள்ளும் அந்த லீவர் ஒன்பது டன் தூக்கும் கையை அசைத்துவிடும். திருப்பும் லீவராக இருந்தால் அவர் காலடி மேடையே நகரும். அருகில் நிற்பவர் கிரேனுக்கும் வண்டி உடலுக்கும் நடுவே நசுங்கலாம். ஆகவே முதலில் ஏறி உட்கார வேண்டும். தளத்தில் வேறு ஆள் இல்லை என்று பார்த்த பிறகே, கீழே கேபினில் இருப்பவர் பம்பை இணைக்க வேண்டும். வரிசை மாறக்கூடாது. கிரேனின் கை பின்பக்கம் நேராக, ஓய்வு நிலையில் இருக்கும்போதுதான் ஏற வேண்டும், இறங்க வேண்டும். பக்கவாட்டில் திரும்பி நின்றால், வழக்கமாகக் கால் வைக்கும் இடத்தில் தளம் இருக்காது, வெட்டவெளிதான் இருக்கும்.

இறங்குவதுதான் ஏறுவதைவிட மோசம். வேலை முடிந்த களைப்பு, கீழே டீ காத்திருக்கும் அவசரம். கைப்பிடியை விட்டுவிட்டுக் குதிப்பார்கள். முட்டி, கணுக்கால் ஒரு பக்கம் இருக்கட்டும். லாரியிலிருந்து குதிக்கும்போது விரலில் போட்ட மோதிரம் ஒரு போல்ட்டிலோ தகட்டு விளிம்பிலோ மாட்டினால், உடல் எடை முழுவதும் அந்த ஒரு விரலில் தொங்கும். தோல் உரிந்து வந்துவிடும், சில நேரம் விரலே போய்விடும். ராணுவப் பட்டறைகளில் திருமண மோதிரத்தைக்கூடக் கழற்றி வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

அன்று லாரி தூக்க வந்த பையனிடம் இதைச் சொல்லப் போனேன். "பழகிப்போச்சு சார்" என்று சிரித்தான். வலது கையில் அம்மா போட்டதாம், அரைப் பவுன் மோதிரம். கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் வண்டியை எடுத்தான்.